ஃபிலிம்ல போர்ட்ரெய்ட் எடுக்கணுமா? கேமராவைக் கடைசியா தேர்ந்தெடுங்க

(எபிசோட் உரைவடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்து, படிக்க வசதியாக நடுத்தலைப்புகள் சேர்த்திருக்கிறேன்.)

ஃபிலிம் போட்டோகிராஃபி பத்தி பேச ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு வர்ற மெயில்கள்ல அதிகமா இருக்கற கேள்வி ஒண்ணுதான்: "ஆளுங்களை எடுக்கணும், எந்த கேமரா வாங்கலாம்?" இன்னைக்கு முழு எபிசோடும் அதுக்குத்தான்.

ஒரு நேயரோட மெயிலை உதாரணமா வச்சுக்கறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போறார், மூணு நாள் இருப்பார். பாட்டிக்கு எண்பது தாண்டியாச்சு. காது கொஞ்சம் மந்தம். போன்ல எடுத்தா முகத்தைத் திருப்பிக்குவாங்களாம். "நல்லா ஒரு படம், ஃபிலிம்ல, சுவர்ல மாட்டற மாதிரி வேணும். கையில 30,000 ரூபாய் இருக்கு. ரெண்டு ரோல் எடுக்கலாம்னு இருக்கேன். கேனான் ஏஇ-1 வாங்கவா, நிக்கான் எஃப்எம்2 வாங்கவா?"

ரெண்டு ரோல்னா 72 ஃப்ரேம். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. பிடிக்கலைன்னா அடுத்த பொங்கல் வரைக்கும் காத்திருக்கணும். எண்பது தாண்டினவங்க விஷயத்துல அது சின்ன காத்திருப்பு இல்ல. அதனால இந்தக் கேள்விக்கு "ரெண்டும் நல்ல கேமராதான், எதையாவது வாங்குங்க"ன்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். அவர் கடைசியா கேக்க வேண்டிய கேள்வியை முதல்ல கேக்கறார். நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கறேன். எந்த டேட்டாபேஸ்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி என்ன டேட்டா வரப்போகுது, யார் படிக்கப்போறாங்கன்னு கேப்போம். இங்கயும் அதே வரிசைதான். முதல்ல உங்களுக்கும் எதிர்ல உட்கார்ந்திருக்கறவங்களுக்கும் நடுவுல எவ்வளவு தூரம். அந்தத் தூரம் லென்ஸை முடிவு பண்ணும். லென்ஸ் மவுண்ட்டை முடிவு பண்ணும். மவுண்ட்டுக்கு ஏத்த பாடிகள்ல நல்ல நிலைமையில இருக்கற ஒண்ணை வாங்கணும். கடைக்காரர் இதை அப்படியே தலைகீழா காட்டுவார், ஏன்னா ஷெல்ஃப்ல பளபளன்னு இருக்கறது பாடிதான்.

முகத்தை மாத்தறது தூரம்

"35 மி.மீ. லென்ஸ் மூக்கைப் பெருசாக்கும், 85 மி.மீ. முகத்தை அழகாக்கும்"னு கேள்விப்பட்டிருப்பீங்க. இது பாதி உண்மை. மூக்கைப் பெருசாக்கறது லென்ஸ் இல்ல, நீங்க நிக்கற இடம்.

ஒரு கணக்கு போடலாம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவுல ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் இருக்குன்னு வச்சுக்கங்க. நீங்க 2 அடி தூரத்துல, அதாவது 60 செ.மீ.ல இருந்து எடுத்தா மூக்கு 60-ல, காது 72-ல இருக்கு. அப்போ காதோட ஒப்பிட்டா மூக்கு 20 சதவீதம் பெருசா பதிவாகும். 3 அடிக்குப் போங்க, வித்தியாசம் 13 சதவீதம். 5 அடியில 8. 6 அடியில 7. 8 அடியில 5.

இந்த எண்களை இன்னொரு தடவை பாருங்க. 2 அடியில இருந்து 5 அடிக்கு நகரும்போது பெரிய மாற்றம். அதுக்கப்புறம் 8 அடிக்குப் போனாலும் கிடைக்கறது கொஞ்சம்தான். நாம ஒருத்தரைப் பார்த்துப் பேசும்போதும் முகத்தை ஒட்டி நிக்கறதில்ல, கொஞ்சம் தள்ளித்தான் நிப்போம். நமக்குப் பழகின முகம் அந்தத் தூரத்து முகம். கையை நீட்டி எடுக்கற செல்ஃபியில "இது நானா?"ன்னு தோணறதுக்குக் காரணமும் இதே கணக்குதான்.

தூரத்துல இருந்து லென்ஸுக்கு

இப்போ லென்ஸ் எங்க வருதுன்னு பார்க்கலாம். நின்ன இடத்துல இருந்து ஃப்ரேமை எவ்வளவு நிரப்பணும்ங்கறதைத்தான் லென்ஸ் முடிவு பண்ணுது. 35 மி.மீ. ஃபிலிமோட ஒரு ஃப்ரேம் 24 × 36 மி.மீ. கேமராவை நிமிர்த்திப் பிடிச்சு, தலையும் தோளும் வர்ற மாதிரி உயரத்துல 60 செ.மீ. அளவு வேணும்னு வச்சுக்கங்க. அப்போ நீங்க நிக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ இப்படி வரும்:

35 மி.மீ. லென்ஸ் – 2 அடி
50 மி.மீ. – 3 அடி
85 மி.மீ. – 5 அடி
105 மி.மீ. – 6 அடி
135 மி.மீ. – 8 அடி

போன பகுதியில பார்த்த எண்களை இதுமேல வச்சுப் பாருங்க. 85-ல இருந்து 105 வரைக்கும் உள்ள லென்ஸ்களை ஏன் போர்ட்ரெய்ட் லென்ஸ்னு சொல்றாங்கன்னு புரிஞ்சிடும். தலையும் தோளும் எடுக்கணும்னா அது உங்களை 5, 6 அடியில நிறுத்திடுது.

அப்போ 50 மி.மீ. வேண்டாமா? அப்படி இல்ல. 50-ஐ வச்சுக்கிட்டு முகத்துக்குப் பக்கத்துல போகாதீங்க, அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கறவங்களை மடி வரைக்கும், உயரத்துல 90 செ.மீ. வர்ற மாதிரி எடுத்தீங்கன்னா 50 மி.மீ. லென்ஸோட நாலேகால் அடியில நிப்பீங்க. மூக்கு, காது வித்தியாசம் 9 சதவீதம்தான். முகம் இயல்பா இருக்கும், மடியில வச்ச கையும் படத்துல வரும். பாட்டிகளோட கையில ஒரு வாழ்க்கையே இருக்கு, அதை வெட்டிட்டு முகத்தை மட்டும் எடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

இன்னொரு விஷயம், வீட்டோட அளவு. நிக்கறவங்களை முழு உருவமா, மேலயும் கீழயும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 50 மி.மீ.க்கு 10 அடி வேணும். 85-க்கு 16 அடிக்கு மேல. நம்ம ஃபிளாட் ஹால்ல பீரோவையும் டிவி ஸ்டாண்டையும் கழிச்சா 16 அடி எங்க இருக்கு? முழு உருவத்துக்கு 50-ஐ வச்சுக்கங்க, அல்லது முற்றத்துக்கோ திண்ணைக்கோ போயிடுங்க.

இப்போ நேயரோட பாட்டிக்கு வருவோம். காது மந்தம்னு சொன்னார். 135 மி.மீ. லென்ஸ் பழைய மார்க்கெட்ல சல்லிசா கிடைக்கும், நல்ல லென்ஸும் கூட. ஆனா 8 அடி தள்ளி நின்னு, கேமராவால முகத்தை மறைச்சுக்கிட்டு, "பாட்டி, இந்தப் பக்கம் பாருங்க"ன்னு கத்தணும். கத்தினா அவங்க முகம் கேக்கறதுக்கு முயற்சி பண்ற முகமா மாறிடும், புருவம் சுருங்கும். 5 அடியில நின்னா பேசிக்கிட்டே எடுக்கலாம். அதனால அவருக்கு என் கணக்குல 135 அடிபட்டுப் போச்சு. 85-ல இருந்து 105-க்குள்ள ஒண்ணு, கூட ஒரு 50.

எஃப் 1.4 தேவையா?

அடுத்து எல்லாரும் விழற பள்ளம், அபர்ச்சர். எஃப் 1.4 லென்ஸுக்கு, அதே தூரத்து எஃப் 2.8 லென்ஸை விடப் பல மடங்கு விலை கேப்பாங்க. பின்னணி கரைஞ்சு போகும்னு ஆசை. அதுக்கு என்ன விலை கொடுக்கறோம்னு பாருங்க.

அதே தலை, தோள் ஃப்ரேம்ல, 35 மி.மீ. ஃபிலிம்ல, எஃப் 1.4-ல ஃபோகஸ்ல இருக்கற மொத்த ஆழம் ஏறத்தாழ 2.5 செ.மீ. எஃப் 2.8-ல 5 செ.மீ. எஃப் 4-ல 7 செ.மீ. ஃப்ரேம்ல முகம் ஒரே அளவுல இருக்கற வரைக்கும், 50 ஆனாலும் 105 ஆனாலும் இந்த ஆழம் கிட்டத்தட்ட இதேதான். லென்ஸ் மாத்தி தப்பிக்க முடியாது.

மனுஷ முகத்துல ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல. முகத்தை 45 டிகிரி திருப்பினா ஒரு கண் மற்றதை விட நாலரை செ.மீ. பின்னால போயிடும். எஃப் 1.4-ல ஒரு கண்தான் கூர்மையா இருக்கும். எஃப் 2.8-ல ரெண்டும் உள்ள வந்துடும். இதுபோக மூச்சு விடும்போதே உடம்பு முன்ன பின்ன ஆடுது. டிஜிட்டல்ல பத்து எடுத்து ஒண்ணை வச்சுக்கலாம். 72 ஃப்ரேம்ல அந்த வசதி கிடையாது.

சரி, வெளிச்சம் பத்துமா? பகல்ல ஜன்னல் பக்கத்துல, நேர் வெயில் படாம உட்கார வச்சா, ஐஎஸ்ஓ 400 ஃபிலிம்ல எஃப் 2.8, 1/125 பக்கம்தான் மீட்டர் காட்டும். 85, 105 லென்ஸைக் கையில பிடிச்சு எடுக்க 1/125 போதும். திண்ணை நிழலுக்கு வந்துட்டா இன்னும் நிறைய வெளிச்சம். ஆக எஃப் 2, 2.5, 2.8 லென்ஸே நம்ம வேலைக்குத் தாராளம். மிச்சமாகற பணத்துல ரோல் வாங்குங்க.

ஃபோகஸ் பண்றது உங்க கண்ணுதான்

பழைய எஸ்எல்ஆர் கேமராக்கள்ல வியூஃபைண்டர் நடுவுல ஒரு வட்டம் இருக்கும், ரெண்டா வெட்டின மாதிரி. அதுல கண் இமைக் கோடு நேரா சேரும்போது ஃபோகஸ் சரி. பெரும்பாலும் அந்த வட்டத்துல ஃபோகஸ் பண்ணிட்டு, கேமராவைக் கீழ சாய்ச்சு ஃப்ரேம் பண்ணுவோம். அப்படிச் சாய்க்கும்போது ஃபோகஸ் கண்ணை விட்டுக் கொஞ்சம் பின்னால போயிடும்.

எவ்வளவு போகும்? கண் ஃப்ரேம் நடுவுல இருந்து 15 செ.மீ. மேல இருக்குன்னு வச்சா, 85 மி.மீ. லென்ஸோட 5 அடியில 7 மி.மீ. பின்னால போகும். 50 மி.மீ. லென்ஸோட 3 அடியில 12 மி.மீ. எஃப் 1.4-ல உங்களுக்குக் கண்ணுக்கு முன்னாலயும் பின்னாலயும் இருக்கற இடமே தலா 12 மி.மீ.தான். அதாவது 50 எஃப் 1.4-ஐ முழுசாத் திறந்து, நீங்க எல்லாம் சரியா பண்ணாலும் கண் ஃபோகஸ் விளிம்புல நிக்கும். எஃப் 2.8 வைங்க, பிரச்சினை தீர்ந்தது. அல்லது வட்டத்தைச் சுத்தி இருக்கற தரிக் கண்ணாடியிலயே கண்ணைப் பார்த்து ஃபோகஸ் பண்ணுங்க, கேமராவை அசைக்கவே வேண்டாம்.

கண்ணாடி போடறவங்க கடைக்குப் போகும்போது கண்ணாடியோடயே வியூஃபைண்டரைப் பாருங்க. நாலு மூலையும் தெரியுதா, வட்டம் தெளிவா இருக்கா? இல்லைன்னா அந்த கேமரா எவ்வளவு பேர் வாங்கினதா இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

இப்போதான் பாடி

முதல்ல உங்ககிட்ட ஏற்கனவே என்ன இருக்குன்னு பாருங்க. வீட்ல பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் இருந்து, அதுக்கு 50 எஃப் 1.8-ஓ 85 எஃப் 1.8-ஓ இஎஃப் லென்ஸ் இருந்தா, 1987-க்கு அப்புறம் வந்த எந்த இஓஎஸ் ஃபிலிம் பாடியிலயும் அது அப்படியே உட்காரும், ஆட்டோஃபோகஸோட வேலை செய்யும். பிளாஸ்டிக் பாடி, இன்ஸ்டாகிராம்ல அழகா இருக்காது, அதனாலயே விலை குறைவு. ஆனா இஎஃப்-எஸ் லென்ஸ் பொருந்தாது. நிக்கான் வச்சிருக்கறவங்க லென்ஸ்ல அபர்ச்சர் வளையம் இருக்கான்னு பாருங்க. வளையம் இல்லாத ஜி வகை லென்ஸ் எஃப்100, எஃப்80 மாதிரி பாடியில ஓடும். எஃப்எம்2-ல ஓடாது.

ஒண்ணுமே இல்லைன்னா, 100 மி.மீ. பக்கம் நியாயமான விலையில லென்ஸ் கிடைக்கற மவுண்ட்டைத் தேடுங்க. நிக்கான் எஃப் மவுண்ட்ல 105 எஃப் 2.5 இருக்கு, இன்னும் மலிவா சீரிஸ் இ 100 எஃப் 2.8 இருக்கு. பென்டாக்ஸ் கே மவுண்ட்ல எம் 100 எஃப் 2.8. ஒலிம்பஸ்ல 85 எஃப் 2, 100 எஃப் 2.8. கேனான் எஃப்டியில 85 எஃப் 1.8, 100 எஃப் 2.8. எம்42 திருகு மவுண்ட்ல சோவியத் ஹீலியோஸ் 44-2 இருக்கு, 58 மி.மீ. எஃப் 2. ஜெர்மன் சைஸ் பயோட்டாரைப் பார்த்துச் செஞ்சது. பின்னணி சுழல்ற மாதிரி தெரியும். பாட்டிக்குப் பின்னால சுழல் வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

எஃப்எம்2 மேல எல்லாருக்கும் ஒரு மயக்கம் உண்டு. காரணம், 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில வந்த ஆஃப்கன் பெண் படம். ஸ்டீவ் மெக்கரி 1984-ல பாகிஸ்தான்ல ஒரு அகதி முகாம்ல எஃப்எம்2, 105 எஃப் 2.5 லென்ஸ், கோடாக்ரோம் 64 ஃபிலிம் வச்சு எடுத்தார். அந்தக் கண்களை அவ்வளவு நேரா நம்ம முன்னால நிறுத்தினது அந்த 105-உம், அவர் நின்ன தூரமும், வெளிச்சமும். அதே லென்ஸை அதே இடத்துல வேற நிக்கான் பாடியில மாட்டியிருந்தாலும் முகம் மாறியிருக்காது.

எஃப்எம்2-வோட பெருமை 1/4000 ஷட்டர். போர்ட்ரெய்ட்டுக்கு அது வேணுமா? ஐஎஸ்ஓ 400 ஃபிலிமோட திறந்தவெளி நிழல்ல 1/1000-ல எஃப் 4 வரும். எஃப் 4-ல 7 செ.மீ. ஆழம், நமக்குத் தேவையானதே அதுதான். 1976-ல வந்த பென்டாக்ஸ் கே1000-ஓட அதிகபட்சம் 1/1000. போதும்.

பேட்டரி பத்தி ஒரு வார்த்தை. கே1000, எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 மூணும் முழுக்க இயந்திரம். பேட்டரி தீர்ந்தா மீட்டர் மட்டும் நிக்கும், ஷட்டர் ஓடும். கேனான் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 ரெண்டும் எலக்ட்ரானிக், பேட்டரி இல்லாம அசையாது. அதுக்காக அதை ஒதுக்க வேண்டாம், ஒரு பேட்டரி பையில இருந்தா போதும். ஆனா உள்ள சர்க்யூட் போச்சுன்னா சரி பண்றது கஷ்டம். கே1000-க்கு ஆன், ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்கலைன்னா மீட்டர் பேட்டரியைத் தின்னுக்கிட்டே இருக்கும். ஓஎம்-1 அந்தக் காலத்து 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செஞ்சது, அது இப்போ விற்பனையில இல்ல. வேற பேட்டரி போட்டா மீட்டர் மாத்திச் சொல்லலாம், வாங்கும்போது கேட்டுக்கங்க.

மீடியம் ஃபார்மட் ஆசை

சுருக்கமா சொல்றேன். 120 ஃபிலிம்ல 6 × 6 எடுத்தா ரோலுக்கு 12 ஃப்ரேம், 6 × 7-ல 10. நெகட்டிவ் பெருசு, பெரிய பிரிண்ட்ல தோலோட நயம் அழகா வரும். ஆனா 6 × 7-ல எஃப் 2.8-க்குக் கிடைக்கற ஆழம் 35 மி.மீ. ஃபிலிம்ல எஃப் 1.4-க்குக் கிடைக்கற அளவுதான். மாமியா ஆர்பி67 ஸ்டுடியோவுக்கான கேமரா, லென்ஸோட ரெண்டரை கிலோவுக்குக் குறையாது.

இந்தப் பக்கம் போகணும்னா நான் சொல்றது யாஷிகா மேட் 124ஜி மாதிரி இரட்டை லென்ஸ் கேமரா. நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல ஒரு காலத்துல யாஷிகா சாதாரணமா இருந்தது, தாத்தா பாட்டிகளுக்கே பார்த்த ஞாபகம் இருக்கும். 80 மி.மீ. எஃப் 3.5, மாத்த முடியாத லென்ஸ். மூணேகால் அடியில 64 செ.மீ. சதுரம் கிடைக்கும். இதுல ஒரு பெரிய நன்மை, கேமரா உங்க வயித்துக்கிட்ட இருக்கும், முகத்தை மறைக்காது. தலையை நிமிர்த்தினா அவங்களுக்கு உங்க முகம் தெரியும். கேமராவைக் கண்டா முகம் திருப்பறவங்ககிட்ட இது வேலை செய்யும். பிம்பம் இடம் வலமா மாறித் தெரியும், அதுக்குப் பழக ஒரு ரோல் ஆகும்.

வாங்கும்போது டார்ச் எடுத்துட்டுப் போங்க

பழைய கேமரா விஷயத்துல மாடலை விட நிலைமைதான் முக்கியம். கடற்கரை ஊர்கள்ல, ஈரக்காத்துல, தோல் பையில பூட்டி வச்ச லென்ஸ்ல பூஞ்சை வராம இருந்தாத்தான் ஆச்சரியம். லென்ஸைக் கழட்டி, அபர்ச்சரை முழுசாத் திறந்து, ஒரு பக்கம் போன் டார்ச் அடிச்சு மறுபக்கம் சாய்வா பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா பூஞ்சை. ஒரே சீரா பனி படிஞ்ச மாதிரி இருந்தா மங்கல், அது முகத்துல கான்ட்ராஸ்ட்டைத் தின்னுடும். நாலஞ்சு தூசி கண்டு பயப்பட வேண்டாம்.

அபர்ச்சர் தகடுகள்ல எண்ணெய் இருக்கான்னு பாருங்க. எண்ணெய் இருந்தா தகடு மெதுவா மூடும், நீங்க எஃப் 4 வச்சாலும் எஃப் 2-ல பதிவாகும். பாடியோட பின்கதவைத் திறந்து 1 செகண்ட், 1/60, 1/1000 மூணுலயும் ஷட்டரை ஓட்டி வெளிச்சத்துக்கு எதிரா பாருங்க. கதவோரத்துல இருக்கற ஸ்பாஞ்ச் பிசுபிசுன்னு ஆயிருந்தா மாத்தணும், அது சின்ன செலவுதான். ஏஇ-1-ல ஷட்டர் அடிக்கும்போது கீச்சுன்னு சத்தம் வந்தா சர்வீஸ் தேவை. "டெஸ்ட் பண்ணல, ஆனா ஓடும்"னு எழுதியிருக்கற விளம்பரத்தை நான் ஓடாத கேமரா விலைக்குத்தான் பார்ப்பேன்.

வாங்கினப்புறம் காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. தோல் பையைத் தனியா எடுத்து வச்சிடுங்க.

பாட்டியோட தோலும் தாத்தாவோட வேட்டியும்

கேமராவுக்குள்ள இருக்கற மீட்டர், தான் பார்க்கறது எல்லாம் நடுத்தர சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால, வெள்ளை வேட்டி சட்டையில ஒருத்தரை உட்கார வச்சீங்கன்னா, "ரொம்ப வெளிச்சம்"னு முடிவு பண்ணி வெளிச்சத்தைக் குறைச்சிடும். வேட்டி சாம்பல் ஆகும், முகம் இருட்டாகும். கறுப்பு நிறமுள்ள முகங்களை ஃபிலிம்ல விவரமே இல்லாம எடுத்து வைக்கறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த இழப்பை ஸ்கேன்ல மீட்க முடியாது.

வழி சுலபம். அவங்க முகத்துல விழற அதே வெளிச்சத்துல உங்க உள்ளங்கையை வச்சு, ஃப்ரேம் முழுக்க உள்ளங்கை மட்டும் வர்ற மாதிரி அளங்க. உள்ளங்கை நடுத்தர சாம்பலை விட ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலா இருக்கும். அதனால வந்த அளவுக்கு ஒரு ஸ்டாப் கூட்டி வைங்க. 1/250 காட்டினா 1/125. அப்புறம் சுவரும் வேட்டியும் என்ன சொன்னாலும் அதை மாத்தாதீங்க. நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கொஞ்சம் கூடினா தாங்கும், குறைஞ்சா தாங்காது.

ஃபிலிம்: கலர்னா கோடாக் போர்ட்ரா 400, கறுப்பு வெள்ளைன்னா இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து'ங்கற பேர்ல ஃபிலிம் தயாரிச்ச காலம் போயாச்சு. இப்போ நாம வாங்கறது எல்லாம் வெளிநாட்டுல இருந்து வர்ற சரக்கு, விலையும் அப்படித்தான். ரோல், டெவலப், ஸ்கேன் மூணையும் கூட்டி 36-ஆல வகுங்க. ஒரு ஃப்ரேமோட விலை தெரிஞ்சா கை தானா நிதானப்படும்.

ஆக, நேயருக்கு என் பதில்

30,000-ல முதல்ல மூணு ரோலுக்கும் அதோட டெவலப், ஸ்கேனுக்கும் ஒதுக்குங்க. அடுத்தது ஒரு சர்வீஸுக்கு. அப்புறம் மிச்சம் இருக்கறதுல ஒரு 100 மி.மீ. எஃப் 2.8, ஒரு 50, அதுக்கேத்த மெக்கானிக்கல் பாடி. பென்டாக்ஸா நிக்கானாங்கறதை, உங்களுக்குக் கிடைக்கற சுத்தமான லென்ஸ் முடிவு பண்ணட்டும். எஃப்எம்2 இந்தக் கணக்குக்குள்ள வந்தா வாங்குங்க, வரலைன்னா வருத்தப்பட ஒண்ணுமில்ல.

மூணாவது ரோல் எதுக்குன்னா, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்க்க. டெவலப் ஆகி வர நாளாகும், அதனால மார்கழி பிறக்கும்போதே எடுத்துடுங்க. வீட்ல யாரையாவது ஜன்னல் பக்கத்துல உட்கார வச்சு, 5 அடியில நின்னு, எஃப் 2.8-ல சில ஃப்ரேம், எஃப் 4-ல சில ஃப்ரேம், ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டு நோட்டுல எழுதி வைங்க. 1/1000-லயும் சிலது எடுங்க. லேப்ல இருந்து வந்ததும் கண் கூர்மையா இருக்கா, ஓரத்துல வெளிச்சம் கசியுதான்னு பாருங்க. ஏதாவது தப்பா இருந்தா சரி பண்ண அப்போ நாள் இருக்கும்.

ஊர்ல முதல் நாள் கேமராவை வெளிய எடுத்து வைங்க, ஆனா எடுக்காதீங்க. பாட்டி அதைத் தொட்டுப் பார்க்கட்டும், ஷட்டர் சத்தம் கேக்கட்டும், "இது எவ்வளவு ஆச்சு?"ன்னு திட்டட்டும். ரெண்டாவது நாள் காலையில, அவங்க வழக்கமா உட்கார்ற இடத்துலயே, பக்கத்துல ஜன்னல் இருந்தா அந்தப் பக்கம் முகம் திருப்பி உட்கார வைங்க. உள்ளங்கையில அளந்து செட் பண்ணிட்டு, அப்புறம் பேச்சுக் கொடுங்க. முதல் ரோல் அங்க, ரெண்டாவது ரோல் திண்ணையில.

அடுத்த எபிசோட்ல நெகட்டிவை வீட்லயே ஸ்கேன் பண்றது பத்திப் பேசலாம். நேயர் கிட்ட ஒரு வேண்டுகோள்: படம் எப்படி வந்துச்சுன்னு தை மாசம் எழுதுங்க. மத்தவங்களும் உங்க வீட்ல பரண்ல என்ன கேமரா கிடக்குதுன்னு பார்த்து, லென்ஸ் மேல எழுதியிருக்கற எண்களை அப்படியே அனுப்புங்க, அதை வச்சு என்ன எடுக்கலாம்னு சேர்ந்து பார்ப்போம்.